மணலுக்கு இரண்டு நேரத் தண்ணீர்

அந்த மிஸ் எங்கள் வீட்டுக் கதிரையில் ஒரு நாளும் முழுதாக உட்கார்ந்ததில்லை. நுனியில் தொற்றிக்கொண்டு, முகம் வாசலைப் பார்த்தபடி, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமல் குடிப்பார். "சாஞ்சு இரிங்களேன் மிஸ், கதிரை ஒண்டும் கடிக்காது" என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "இல்லைத் தங்கச்சி, வெளிக்கிடவேணும்" என்பார். எங்கே வெளிக்கிட? சுவருக்கு அந்தப் பக்கம் போகத்தான். கண்டியில் மேட்டுத் தெரு ஒன்றில் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் மகளும். மறு பாதியில் மிஸ் தனியாக.

அவர் யாழ்ப்பாணத்தார். வடமராட்சியில் கடலுக்குக் கிட்ட ஊர். பேராதனைப் பக்கம் ஒரு கந்தோரில் மண் பரிசோதிக்கிற உத்தியோகம். நாற்பது வயதிருக்கும், கல்யாணம் முடிக்கவில்லை. கந்தோரில் எல்லோரும் மிஸ் என்றதால் தெருவுக்கும் மிஸ், எனக்கும் மிஸ். எங்கள் வீட்டுக்காரர் டவுனில் ஒரு புடவைக்கடையில் துணி கிழிக்கிறவர். அவர் மட்டும் என் காதோடு "மண்ணு மிஸ்" என்பார்.

குடிவந்த அன்றைக்கு ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குக்கர், ஒரு பாய், ஒரு தலையணை. இவ்வளவுதான் சாமான். அலுமாரி இல்லை, கட்டில் இல்லை. பாவம், இல்லாத பொம்பிளை என்று நினைத்தேன். பின்னேரம் ஒரு லொறி வந்து அரைக் கியூப் ஆற்று மணலைப் பின்முற்றத்தில் கொட்டிவிட்டுப் போனது.

"என்ன மிஸ், வீடு கட்டப் போறீங்களா?"

"இல்லைத் தங்கச்சி. கன்று வைக்க."

நான் சிரித்துவிட்டேன். கண்டி மண்ணில் குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும். இந்த மண்ணை விட்டுவிட்டு, காசு கொடுத்து மணல் வாங்கி அதில் கன்று வைக்க எந்தப் புத்திசாலிக்குத் தோன்றும்? அதுவும் மண்ணையே படித்த ஆளுக்கு!

மறுநாளே பதினேழு டின் வரிசையாக நின்றன. பால்மா டின், பிஸ்கட் டின், கடையில் கேட்டு வாங்கிய எண்ணெய் டின். அடியில் ஆணியால் ஓட்டை, உள்ளே மணல். மிளகாய், தக்காளி, கத்தரி, வெங்காயம். மழை அடித்தால் மணலில் இருக்கிற சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று எல்லாவற்றையும் தாழ்வாரத் தகரத்துக்குக் கீழே அடுக்கினார். கடைசி டின்னில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. ஊரில் அவருடைய அம்மா சமைக்கிற குசினிக்கு வெளியே, மூலையில் நிற்கிற மரத்தின் கன்று அது. ஈரக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து ரயிலில் கொண்டுவந்தாராம். "நான் ஊருக்குப் போகேக்க இதுவும் என்னோட வரும்" என்று முதல் நாளே சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நிலத்தில வச்சா என்ன மிஸ்? நல்லா வளரும்."

அவர் குனிந்து எங்கள் முற்றத்து மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தார். அதில் ஒரு சொட்டு எச்சிலைத் தொட்டு வைத்தார், எனக்கு அருவருப்பாக இருந்தது. உள்ளங்கையில் உருட்டினார். மண் நூல் மாதிரி நீண்டது. வளைத்தார், மோதிரம் மாதிரி வளைந்தது, உடையவில்லை. பிறகு மணலை எடுத்து அதே மாதிரி உருட்டினார். அது விரலிடுக்கால் கொட்டியது. "உங்கட மண் பிடிச்சால் விடாது. புடுங்கினால் பாதி வேர் உள்ளுக்கை நிண்டிடும். மணல் அப்பிடியில்லை. எப்ப இழுத்தாலும் ஒரு வேர் அறாமல் வரும்."

அதுதான் அவர். எந்த நேரமும் எழுந்து போகத் தயாராக இருக்க வேண்டும். டிரங்குப் பெட்டிக்குள் உடுப்பு மடித்தபடியே இருக்கும். துவைத்துக் காய்ந்ததும் நேரே பெட்டிக்குள் போகும். எழுபத்தேழில் அனுராதபுரத்தில் வேலையாக இருந்தாராம், கலவரத்தில் உடுத்த சீலையோடு ஓடினாராம். அந்தக் கதையை அதற்கு மேல் சொல்லமாட்டார். "இப்ப எண்டால் எனக்கு அஞ்சு நிமிசம் காணும் தங்கச்சி, வெளிக்கிட" என்று மட்டும் சொல்வார். அதைப் பெருமையாகவே சொல்வார்.

ஆனால் எனக்கு வந்த சிரிப்பு வேறு. ஐந்து நிமிடத்தில் வெளிக்கிடக்கூடிய அந்த மனுஷியால் ஒரு நாள்கூட எங்கும் போக முடியவில்லை! மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. காலையில் ஊற்றியது மத்தியானம் காய்ந்துவிடும். காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். சத்தும் அப்படித்தான். ஒரேயடியாகப் போட்டால் அடியால் ஓடிவிடும், பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். நான் மீன் கழுவின தண்ணீரைச் சட்டியோடு எடுத்து வைப்பேன். புளித்த மோர் கறிவேப்பிலைக்கு மட்டும். எங்கள் பூனையோ அந்த மணலைத் தனக்காகவே கொட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டது. காலையில் அவர் பூவாளியோடு வந்ததும் முதலில் கேட்கிற சத்தம், "உங்கட பூனையைக் கட்டி வையுங்கோ!" என்பதுதான்.

என் தம்பியின் கல்யாணம் வத்தேகமவில். மிஸ்ஸைக் கட்டாயம் வர வேண்டுமென்று இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் கல்யாணத்தில் ஆறு பேர் வட்டமாக இருந்து ஒரே சஹனில்தான் சாப்பிடுவோம். பெரிய தட்டில் புரியாணி மலை மாதிரி இருக்கும். சஹன் வந்து நடுவில் வைத்தாயிற்று, கை கழுவியாயிற்று. மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார், எழுந்தார்.

"தங்கச்சி, குறை நினையாதையுங்கோ. இப்ப பஸ் எடுத்தால்தான் ஆறு மணிக்கு முன்னம் தண்ணி ஊத்தலாம்."

"என்ன மிஸ் செல்றீங்க! சஹன்ல இருந்து எழும்புறயா?"

போய்விட்டார். மாமியார் பக்கத்து ஆட்களெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவர் பங்கையும் சேர்த்துத் தின்றேன். ஒரு கிழமை கதைக்கவில்லை. எட்டாம் நாள் சுவருக்கு மேலால் ஒரு பிடி கறிவேப்பிலை வந்தது. சின்ன இலை, என் நகத்தளவு. கசக்கினேன். அந்த மணம்! எங்கள் கண்டிக் கறிவேப்பிலை இலையில் பெரிது, மணத்தில் ஒன்றுமில்லை. பட்டினி கிடக்கிற இலைக்குத்தான் மணம் வரும் என்பார் மிஸ். அன்றைக்கு அதைப் போட்டுக் காய்ச்சின மீன் ஆணமே வேறு மாதிரி இருந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

எண்பத்து மூன்று ஆடி. பட்டப்பகலில் எங்கள் வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். "டவுன் பத்துது. தமிழாக்கள்ட கடையெல்லாம் கொளுத்துறானுகள். மிஸ்ஸ கூட்டிக்கிட்டு வா, சுருக்கா!" மேட்டிலிருந்து பார்த்தால் கீழே மூன்று இடத்தில் புகை. நான் பின்பக்கத்தால் ஓடினேன். டிரங்குப் பெட்டி பூட்டி வாசலில் இருந்தது. மிஸ்ஸின் தோளில் கைப்பை, காலில் செருப்பு. சொன்ன மாதிரியே தயார்தான். ஆனால் கையில் பூவாளி!

"அல்லாவே! அஞ்சு நிமிசம் என்டீங்களே மிஸ்! வாங்க!"

"எத்தினை நாளைக்கு எண்டு தெரியாது. ஒரு நாள் விட்டாலும் வாடிப்போடும் தங்கச்சி."

கையைப் பிடித்து இழுத்தேன், உதறினார். கீழ்த்தெருவில் கூச்சல் கேட்கிறது. இந்தப் பொம்பிளை நாலாவது டின்னில் நிற்கிறார். கடைசியில் நானும் ஒரு கோப்பையை எடுத்து மறு முனையிலிருந்து ஊற்றத் தொடங்கினேன். ஊற்றி ஊற்றி ஏசினேன். பைத்தியம், விசர் என்று வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். பதினேழாவது டின் நனைந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

மகளின் கட்டிலில், உள்ளறையில், திரைக்குப் பின்னால் இரண்டு நாள் இருந்தார். மூச்சுச் சத்தம்கூட வெளியே வரக்கூடாது. ஆனாலும் விடிந்ததும் அந்தத் திரைக்குள்ளிருந்து ஒரு குசுகுசுப்பு வரும். "ஊத்தீட்டியளே?" ஊற்றினேன். ஊற்றாவிட்டால் தானே எழுந்து போய்விடுவாரோ என்று பயம்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும், இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனை எனக்குத் தெரியாது, கையில் இரும்புக் கம்பி. மற்றவன் கீழ்த்தெருக்காரன், மிஸ்ஸிடம் தக்காளி வாங்கித் தின்றவன்தான். மிஸ்ஸின் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தார்கள், உள்ளே ஆளில்லை. பின்பக்கம் வந்தார்கள். கம்பிக்காரன் டின்களைப் பார்த்தான். ஒரு டின்னுக்குள் விரலை விட்டான். மகாவலி ஆற்றில் மணல் அள்ளுகிறவனோ என்னவோ, அவன் விரலுக்கு மணல் தெரிந்திருந்தது.

"ஈரம்" என்றான் சிங்களத்தில். "மணல் ஒரு நாளில் காய்ந்துவிடும். மூன்று நாளாக மழை இல்லை. இது இன்றைக்குக் காலையில் ஊற்றின தண்ணீர். வீட்டில் ஆளில்லையென்றால் யார் ஊற்றினது?"

எங்கள் மண்ணென்றால் நாலு நாளைக்கு ஈரம் நின்றிருக்கும், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. பாழாய்ப்போன மணல் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும். அன்றைக்கு அந்த வாய்தான் கை கொடுத்தது.

"நான்தான் ஊற்றினேன்!" என்று சிங்களத்தில் கத்தினேன். "என் கறிவேப்பிலைக் கன்று! அந்த மிஸ் வாங்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டாள். இப்போது சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டாள். என் செடி சாகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கவா?"

"உன் செடியென்றால் எடு பார்ப்போம்" என்றான்.

போனேன். தண்டைப் பிடித்து இழுத்தேன். மிஸ் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு வேர் அறாமல், வெள்ளை வெளேரென்று, முழுதாகக் கையோடு வந்தது. மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் குசினிச் சுவரோரம் வந்து, மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்தி, அவர்கள் கண் முன்னால் களிமண்ணில் நட்டேன். மண்ணைத் தள்ளி மூடிக் காலால் மிதித்தேன். "இப்போது சரியா?" என்று கையைத் தட்டினேன். கீழ்த்தெருக்காரன் என்னைப் பார்த்தான். பிறகு திறந்து கிடந்த குசினிக் கதவால் உள்ளறைத் திரையைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். "வா, போவோம்" என்று மற்றவனை இழுத்துக்கொண்டு போனான். அவனுக்குத் தெரிந்திருந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மிஸ் வெளியே வந்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கதிரையில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "நட்டுப்போட்டுக் காலால மிதிச்சனீங்களோ?"

"ம்."

"களியை மிதிச்சால் இறுகிப்போடும் தங்கச்சி."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. இரண்டும்தான்.

அன்று மத்தியானம் மிஸ்ஸை ஒரு வேனில் ஏற்றி அகதி முகாமுக்குக் கொண்டுபோய் விட்டோம். நான் டின்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன், ஊற்றப் பயம். மூன்று கிழமை கழித்து அவர் திரும்பி வந்தபோது பதினாறு டின்னிலும் சருகு. கறிவேப்பிலை மட்டும் எங்கள் சுவரோரம் புதுத் துளிர் விட்டு நின்றது.

இனித்தான் என் களவு. வந்த மறுநாளே மிஸ் மண்வெட்டியோடு வந்தார். "இப்ப எடுத்தால் முழுசா வரும். இன்னும் கன வேர் ஓடேல்லை." நான் தடுத்தேன். "வேணாம் மிஸ், அவனுகள் இன்னம் தெருவுல திரியிறானுகள். என்ட செடி என்டு செல்லி வச்சிரிக்கேன்." அது உண்மைதான். ஒரு மாதத்துக்கு உண்மை. அடுத்த மாதம் மழை விடட்டும் என்றேன். பிறகு துளிர் முற்றட்டும் என்றேன். நோன்பு முடியட்டும் என்றேன். நான்கு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? அந்தக் கன்று டின்னுக்குத் திரும்பினால் மறுநாளே டிரங்குப் பெட்டியும் அதுவுமாக ரயில் ஏறிவிடுவார் என்று பயந்தேன். எனக்கு அவர் போகக் கூடாது. வீட்டுக்காரரோடு சண்டை பிடித்தால் மாமியின் காதுக்குப் போகும். மிஸ்ஸோடு பிடித்தால் மிஸ்ஸோடே முடியும். அப்படிச் சண்டை பிடிக்க எனக்கு உலகத்தில் வேறு யாருமில்லை.

கறிவேப்பிலை நெஞ்சுயரம் வளர்ந்தது. இலையெல்லாம் அகலம் அகலமாகக் கரும்பச்சை. பூக்கவுமில்லை, காய்க்கவுமில்லை, சும்மா வளர்ந்தது. ஒரு நாள் மிஸ் ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தார். "இலை பெருத்திட்டுது. மணம் போட்டுது" என்றார். அந்த வருடமே அவர் ஒரு கட்டிலும் வாங்கினார். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மூன்று வருடம் கழித்துப் பங்குனி மாதம் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவருடைய அம்மாவின் குசினியில் ஆமிக்காரர் அடித்த செல் விழுந்து வெடித்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. மூலையில் நின்ற கறிவேப்பிலை மரம் வேரோடு போய்விட்டது. அம்மா எழுதியிருந்தார், மிஸ் எனக்கு வாசித்துக் காட்டினார்: "நீ கொண்டுபோன கன்று இன்னும் நிக்குதோ? நிண்டால் கொண்டு வா பிள்ளை. நீயும் வா."

அன்று பின்னேரம் இரண்டு பேருமாகக் கிண்டினோம். பங்குனி வெயிலில் எங்கள் களிமண் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மண்வெட்டி எகிறியது. இரும்பு அலவாங்கால் குத்தினோம். ஒரு முழம் தோண்டியும் வேர் முடியவில்லை. ஆணிவேர் குசினிச் சுவருக்குக் கீழே போய்விட்டது. மிஸ் இழுத்தார். நானும் சேர்ந்து இழுத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். கையில் கிளையும் இலையும் விரலளவு வேரும் வந்தது. மிச்சமெல்லாம் உள்ளே நின்றுவிட்டது.

நான் மண்ணிலேயே குந்திவிட்டேன். "என்ட பிழை மிஸ். அன்டைக்கே எடுக்கச் செல்லியிரிக்கலாம். நான்தான் வேணுமென்டு நாளக் கடத்தினேன்."

அவர் அறுந்த வேரின் முனையைத் தடவிக்கொண்டிருந்தார். "நானும் கேக்கிறதை விட்டனான்தானே தங்கச்சி" என்றார்.

மறுநாள் காலை ஈர மணல் நிரப்பிய சாக்கில் அந்தத் தடியைச் செருகிக்கொண்டு போனார். கட்டிலை எனக்குத் தந்தார். வெளிக்கிட ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

ஒரே ஒரு கடிதம் வந்தது. வவுனியாவில் ஆமிக்காரர் சோதனைக்கென்று சாக்கைக் கொட்டிப் பார்த்தார்களாம். மணலை அள்ளப் பொறுமையில்லாமல் தடியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாராம். அம்மா அந்தத் தடியைக் கையில் வாங்கி, காய்ந்த இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எங்கட மரமில்லை" என்றாராம். அதற்குக் கீழே, வழக்கம் போல, பூனையைக் கட்டி வைக்கச் சொல்லி எழுதியிருந்தார்.

மழை பிடித்ததும் குசினிச் சுவரோரம் ஒரு முளை வந்தது. அடுத்த கிழமை மூன்று. மாதம் முடிவதற்குள் ஏழு. உள்ளே அறுந்து நின்ற வேர் ஒவ்வொன்றும் மண்ணைப் பிளந்துகொண்டு துளிர்த்தது. மண் படித்த மனுஷிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? உடனே எழுதினேன், 'மிஸ், ஏழு கன்று நிற்கிறது, வாங்க' என்று. பதில் இல்லை. மறுபடி எழுதினேன். பிறகு சண்டை முற்றி யாழ்ப்பாணப் பாதையும் மூடிவிட்டார்கள், தபாலும் நின்றது. இருக்கிறாரா என்றுகூடக் கேட்க ஆளில்லை.

அந்த ஏழில் ஒன்றை, பிஞ்சாக இருக்கும்போதே பெயர்த்து, எண்ணெய் டின்னில் ஆற்று மணல் நிரப்பி வைத்தேன். யாராவது கேட்டு வந்தால் ஒரு வேர் அறாமல் எடுத்துக் கொடுக்க வேண்டுமே. டின் துருப்பிடித்து மூன்று தரம் மாற்றியாயிற்று. கன்று இன்னும் என் முழங்கை உயரம்தான். இலை நகத்தளவு. கசக்கினால் அதே மணம்.

மகளைக் கொழும்பில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பேரப்பிள்ளை பிறந்து நாற்பது நாளாகிறது. "ரெண்டே ரெண்டு நாளைக்கு வாங்க உம்மா, புள்ளையப் பாக்க ஆசையில்லையா?" என்று அழுகிறாள். ஆசை இல்லாமலா? யாழ்ப்பாணப் பாதை திறக்கப் போகிறார்கள் என்று வேறு எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் போன கிழமையே போய்விட்டார். நானும் உடுப்பெல்லாம் மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். வெளிக்கிட எனக்கு ஐந்து நிமிடம் போதும். தண்ணீர் ஊற்றத்தான் ஆளில்லை.